கல்வெட்டு மோகம் முற்றிவிட்டது: வேலையை விட்டுப் படிப்பதா, வேலையோடு படிப்பதா?

சாமி கும்பிட ஐந்து நிமிடம், கோயில் சுவரின் அடித்தளமான அதிட்டானத்தைச் சுற்றிச் சுற்றி வந்து எழுத்துக் கூட்டிப் படிக்க மூன்று மணி நேரம். ஞாயிற்றுக்கிழமைக் கோயில் பயணம் இப்படி மாறிப்போனவர்கள் கேட்கும் கேள்வி கிட்டத்தட்ட ஒன்றேதான். "வயது முப்பத்தைந்து. ஐடியில் வேலை. கல்வெட்டை முறையாகப் படித்து இதையே தொழிலாக்கிக்கொள்ளலாமா? எங்கே சேருவது?" ஐடி இருக்கும் இடத்தில் வங்கி, பள்ளிக்கூடம், மருந்துக் கம்பெனி என்று எதைப் போட்டாலும் கேள்வி மாறுவதில்லை.

இதற்குள் இரண்டு ஆசைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கல்வெட்டை நன்றாகப் படிக்க வேண்டும் என்பது ஒன்று. அதற்காக யாராவது சம்பளம் தர வேண்டும் என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பட்டம் கட்டாயமே இல்லை. 1965இல் புகலூர்க் குகைக் கல்வெட்டில் சேர மன்னர்களின் பெயரைப் படித்துக் காட்டிய ஐராவதம் மகாதேவன், வேதியியலும் சட்டமும் படித்த ஐ.ஏ.எஸ். அதிகாரி. 1980இல் விருப்ப ஓய்வு பெறும்வரை அரசுப் பணியில்தான் இருந்தார். சோழர் கோயில்களைப் பற்றித் தொடர்ந்து எழுதிவரும் திருச்சி இரா. கலைக்கோவன் கண் மருத்துவர். இரண்டாவது ஆசைக்குத்தான் பட்டம் வேண்டும். இந்தத் துறையில் பட்டம் என்பது பெரும்பாலும் நுழைவுச்சீட்டு. எந்த வாசலுக்கான சீட்டு என்று தெரியாமல் வரிசையில் நிற்பதில்தான் பலருக்கும் இரண்டு வருடம் போய்விடுகிறது.

## எதை வைத்து எடைபோடுவது?

எந்த வாசல்? சம்பளம் தரும் இடங்கள் குறைவு. மாநிலத் தொல்லியல் துறை, மைசூருவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு, பல்கலைக்கழகங்கள், அருங்காட்சியகங்கள், அகழாய்வுகளில் எடுக்கும் தற்காலிகப் பணியிடங்கள், அவ்வளவுதான். ஒவ்வொன்றும் கேட்கும் தகுதி வேறு.

எத்தனை மாதம் வருமானம் நிற்கும்? கட்டணத்தைக் கணக்குப் போடுகிறவர்கள் இதைப் போடுவதில்லை. மாதம் 60,000 ரூபாய் கைக்கு வருகிறவர் இரண்டு வருடம் முழுநேரமாகப் படித்தால் 14,40,000 ரூபாய் வராது. இதற்குப் பக்கத்தில் கல்லூரிக் கட்டணம் சில்லறை. அந்த 24 மாதம் வருங்கால வைப்பு நிதியும் ஏறாது, கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீடும் இருக்காது.

வயது. படிப்பில் சேர வயது பெரும்பாலும் தடையில்லை. உதவித்தொகைக்கும் அரசுப் பணிக்கும் தடையாகலாம்.

கல்லுக்குப் பக்கத்தில் எத்தனை நாள்? புத்தகத்தில் படித்த எழுத்து வேறு, அதிட்டானத்தின் ஓர் அடுக்கான, பாசி படிந்த குமுதப்படையில் பார்க்கும் எழுத்து வேறு.

பிழை சொல்ல ஆள் உண்டா? தனியாகப் படிக்கிறவருக்குத் தன் தப்பு தெரியவே தெரியாது. பல வருடம் அதையே சரி என்று நம்பிக்கொண்டிருப்பார்.

## விண்ணப்பம் போடும் முன் ஆறு மாதச் சோதனை

தெரிந்த ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் சொன்னதாக வரும் தொடர்: "நாங்குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்". அச்சில் படித்தால் குழந்தையும் படிக்கும். கல்லில் புள்ளி இல்லை, சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை, காலும் ரகரமும் ஏறத்தாழ ஒரே உருவம். ஆகவே கண்ணுக்கு முதலில் தெரிவது "நரஙகுடுததனவுமஅககனகுடுததனவும" என்ற மாதிரி ஒரு நீளச் சங்கிலி. எங்கே மெய், எங்கே உயிர்மெய், எங்கே வெட்டுவது என்பதைப் பொருளை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எகரம் ஏகாரம், ஒகரம் ஓகாரம் என்ற வேறுபாடும் கிடையாது.

எண்கள் இதைவிட மோசம். க என்ற எழுத்தும் ௧ என்ற எண்ணும், உ என்ற எழுத்தும் ௨ என்ற எண்ணும், ய என்ற எழுத்தும் ௰ என்ற பத்தும் கண்ணை ஏமாற்றும். "யாண்டு ௨௰௬ ஆவது" என்றால் 26ஆம் ஆட்சியாண்டு. இராசராசன் ஆட்சிக்கு வந்தது 985இல் என்பதால் அது 1010-11இல் வரும். முதலில் இருக்கும் ௨ விழுந்துவிட்டால் அது 16ஆம் ஆட்சியாண்டாகிவிடும்.

ஆறு மாதத்தில் 40 கல்வெட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 கல்வெட்டு பதினோராம் நூற்றாண்டுச் சோழர் காலத்தவை. எழுத்து தெளிவாக இருக்கும். 10 பிற்காலப் பாண்டியர் காலத்தவை. மிச்சம் 10 சிதைந்தவை. எல்லாமே ஏற்கெனவே அச்சானவையாக இருக்கட்டும். 1890இல் முதல் தொகுதி வந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையில் பல தொகுதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

படம் எடுக்கும்போது நேராக ஃபிளாஷ் போடாதீர்கள். எழுத்து தட்டையாகிவிடும். டார்ச்சைச் சுவரை ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடித்தால் வெட்டுப் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி நிற்கும். இடப்பக்கம் ஒரு தடவை, மேலிருந்து ஒரு தடவை என ஒரே இடத்தை இரண்டு முறை எடுங்கள். ஒரு படத்தின் ஓரம் அடுத்த படத்தில் ஒரு சாண் அளவாவது திரும்ப வர வேண்டும். சுண்ணாம்புப் பொடி, கோலமாவு, திருநீறு எதையும் எழுத்தில் தேய்க்காதீர்கள். ஆர்வக் கோளாறில் இதைச் செய்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மறுநாள் அந்தக் கல்லைப் பார்த்தாலே யார் வந்துபோனார்கள் என்று தெரிந்துவிடும்.

பிறகு வரி எண் போட்டு நீங்களாகவே படித்து எழுதுங்கள். முழுவதும் எழுதி முடித்த பிறகே அச்சுப் பாடத்தை, அதாவது அச்சில் வந்த கல்வெட்டு வாசகத்தை, திறக்க வேண்டும். நூறு எழுத்துக்கு எத்தனை பிழை என்று எண்ணுங்கள். நாற்பதாவது கல்வெட்டிலும் பதினைந்துக்கு மேல் வந்தால் எந்தப் படிப்பிலும் இப்போது சேர வேண்டாம், முதலில் எழுத்துப் பயிற்சி வேண்டும். ஐந்துக்குள் வந்துவிட்டால் உங்களுக்குத் தேவைப்படுவது வாசிப்புப் பயிற்சி அல்ல, காலக்கணிப்பு. "கோராஜகேசரிபன்மர்" என்று மட்டும் ஒரு கல் சொன்னால் அது ஆதித்தனா, கண்டராதித்தனா, சுந்தர சோழனா, இராசராசனா? எழுத்தின் வடிவத்தையும் உடன் வரும் பெயர்களையும் வைத்துத்தான் சொல்ல முடியும். இதைப் புத்தகம் வைத்துத் தனியே கற்பது மிகக் கடினம். ஆசிரியர் பக்கத்தில் நின்று சொல்லித்தர வேண்டிய இடம் இது.

இந்த ஆறு மாதத்தில் பாதியிலேயே சலிப்புத் தட்டினால் 14 லட்சம் மிச்சம்.

## வழி 1: வேலை அப்படியே, கல்வெட்டு வார இறுதியில்

வார இறுதிக் கல்வெட்டு வகுப்பு, சான்றிதழ்ப் படிப்பு, மீதி நேரம் களம். வருமானம் நிற்காது. செலவு பேருந்து, சாப்பாடு, புத்தகம்.

இந்த வழியைப் பலரும் தோல்வியாக நினைக்கிறார்கள். அது தவறு. தமிழகத் தொல்லியல் கழகத்தின் 'ஆவணம்' இதழைப் புரட்டினால் புதிய கல்வெட்டுகளை அறிவித்தவர்களில் பள்ளி ஆசிரியர்களும் வேறு வேலையில் இருப்பவர்களும் நிறைய. கட்டுரை ஒழுங்காக இருந்தால் பட்டம் பெரிய பொருட்டல்ல. ஊர், வட்டம், கல் இருக்கும் இடம் ("கருவறைத் தெற்கு அதிட்டானம், ஜகதிப்படை" என்கிற அளவுக்கு), வரி எண்ணோடு பாடம், சிதைந்த எழுத்துக்குச் சதுர அடைப்பு, வடமொழிக்கான கிரந்த எழுத்துகளுக்குத் தனி அடையாளம், அளவுகோல் வைத்த படம். இவை இருந்தால் போதும். நாளிதழுக்குச் செய்தி கொடுக்க ஓடுவதற்கு முன்னால், அந்தக் கல்வெட்டு இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். 1887 முதல் வருகிற அறிக்கைகள் அவை. "புதிய கண்டுபிடிப்பு" என்று வருவதில் கணிசமானவை ஏற்கெனவே அங்கே தூங்குகின்றன.

எது முடியாது? பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் அனுமதியில்லாமல் மைப்படி (கல்லில் தாள் ஒட்டி மையால் எடுக்கும் படி) எடுக்க முடியாது. உரிமம் இல்லாமல் எங்கும் தோண்ட முடியாது. அறநிலையத் துறைக் கோயிலில் செயல் அலுவலரிடம் கடிதம் கொடுத்து அனுமதி வாங்கிக்கொண்டால் பாதிச் சண்டை குறையும்.

குடும்பத்தில் ஒரே வருமானம், வீட்டுக் கடன் ஓடுகிறது என்றால் இதுதான் வழி, குறைந்தது அந்தக் கடன் முடியும்வரை.

## வழி 2: வேலையோடு தொலைநிலை எம்.ஏ.

பி.இ., பி.காம். படித்தவர்களுக்கு நுழைவுச்சீட்டு வாங்க மலிவான வழி. வரலாறு எம்.ஏ.வுக்குப் பெரும்பாலான இடங்களில் ஏதேனும் ஒரு பட்டம் போதும். இக்னோ, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றவை நடத்துகின்றன. இரண்டு வருடத்துக்கும் சேர்த்து ஒரு நல்ல கைப்பேசியின் விலைக்குள் முடிந்துவிடும். அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்கு இணை என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் தெளிவுபடுத்திவிட்டது.

சிக்கல்கள் வேறு இடத்தில் இருக்கின்றன.

அங்கீகாரம் பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாக அல்ல, அந்தப் படிப்புக்கு, அந்தக் கல்வியாண்டுக்கு. மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பட்டியலில் நீங்கள் சேரும் பருவம் இருக்கிறதா என்று பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எட்டு வருடம் கழித்துச் சான்றிதழ் சரிபார்ப்பில் கேட்பார்கள்.

தமிழ்நாட்டு அரசுப் பணிக்குப் பத்து, பன்னிரண்டு, இளங்கலை, முதுகலை என்ற வரிசை முக்கியம். நடுவில் ஒரு படியைத் தாண்டி வந்திருந்தால் இப்போதே விசாரியுங்கள்.

பட்டத்தின் பெயரும் தொல்லை தரும். வரலாறு, பண்டைய வரலாறும் தொல்லியலும், இந்தியப் பண்பாடு எனப் பல பெயர்கள் உண்டு. பணி அறிவிக்கை "வரலாறு" என்று கேட்டு உங்கள் சான்றிதழில் வேறு பெயர் இருந்தால், இரண்டும் சமம் என்று சொல்லும் இணைத்தன்மை ஆணையைத் தேடி நீங்கள்தான் அலைய வேண்டும். எந்தப் பணி குறி என்று தெரிந்தால் அதன் பழைய அறிவிக்கை ஒன்றை எடுத்து, அதில் உள்ள சொல்லையும் சேரப்போகும் படிப்பின் பெயரையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

இந்த வழி கல்லைத் தொடவிடாது. பாடத்தில் பிரெஞ்சுப் புரட்சி வரும், பழைய தமிழ் எழுத்துமுறையான வட்டெழுத்து வராது. வாரத்துக்கு எட்டு மணி நேரமாவது பாடத்துக்குப் போகும், அதாவது கோயிலுக்குப் போகிற அதே ஞாயிறு. 55 விழுக்காட்டுக்குக் கீழே போய்விடாதீர்கள். ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50. இதைவிடக் குறைந்தால் நெட் (உதவிப் பேராசிரியர் தகுதித்) தேர்வு எழுத முடியாது, எம்.ஏ. வெறும் காகிதமாகிவிடும்.

## வழி 3: வேலையை விட்டு நேரடி எம்.ஏ., அப்புறம் முனைவர் பட்டம்

சென்னைப் பல்கலைக்கழகத்தில் பண்டைய வரலாறு மற்றும் தொல்லியல் துறை, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல் மற்றும் தொல்லியல் துறை. பேராசிரியர், நூலகம், அகழாய்வுக் குழி, கூடப் படிக்கும் நண்பர்கள், எல்லாம் கிடைக்கும். காலக்கணிப்புக்கு ஆசிரியர் வேண்டும் என்றேனே, அவர் இங்கேதான் இருக்கிறார்.

ஆனால் சோழர் கல்வெட்டு ஆசையில் வந்து சேருகிறவருக்கு முதல் பருவத்திலேயே ஓர் அதிர்ச்சி காத்திருக்கும். பாடத்திட்டம் கற்கருவி, பானை ஓடு, மண்ணடுக்கு, நாணயம், அருங்காட்சியகவியல் என்று விரியும். நெட் தேர்வின் தொல்லியல் தாளும் அப்படித்தான். கல்வெட்டு அதில் ஒரு மூலை. மண்ணடுக்கு வரைபடம் போடுவதிலும், வெயிலில் குழிக்குள் உட்கார்ந்து ஓடு பொறுக்கி எண் போடுவதிலும் சந்தோஷம் இல்லாதவருக்கு இந்த இரண்டு வருடம் தண்டனை.

வயதுக் கணக்கு இங்கேதான் கடிக்கும். இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குப் பொதுப் பிரிவில் உச்ச வயது 30. பெண்களுக்கும் பிற்படுத்தப்பட்ட, பட்டியல் இனப் பிரிவினருக்கும் 35. கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. கிடைக்காவிட்டால் முனைவர் பட்டக் காலம் முழுவதும் சொந்தக் காசு. அந்தப் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு. எம்.ஏ.வையும் சேர்த்தால் ஐந்திலிருந்து எட்டு வருடம். உதவிப் பேராசிரியர் தகுதிக்கான நெட்டுக்கு உச்ச வயது கிடையாது என்பது உண்மை. ஆனால் தொல்லியல் துறை வைத்திருக்கும் பல்கலைக்கழகங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஆக, 28 வயதில், கடன் இல்லாமல், அகழாய்விலும் ஆசை இருக்கிறவருக்கு இது முதல் தரமான வழி. 36 வயதில் இதே முடிவை எடுப்பவர், வீட்டில் இன்னொரு சம்பளம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நடுவழி ஒன்றும் உண்டு: எம்.ஏ.வை வேலையோடு முடித்துவிட்டு, பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் போவது. மானியக் குழுவின் 2022 விதிமுறை அதை அனுமதிக்கிறது. வேலை செய்யும் இடத்தின் தடையில்லாச் சான்று வேண்டும்.

## வழி 4: மாநில அரசுத் தொல்லியல் நிறுவனத்தின் முதுநிலைப் பட்டயம்

இரண்டு வருடம், முழுநேரம், சென்னை. நுழைவுத் தேர்வு உண்டு, இடங்கள் குறைவு, மாத உதவித்தொகை உண்டு. அது ஒரு கைக்காசு அளவுதான், சென்னை வாடகைக்குப் போதாது. முதுகலைப் பட்டம் கேட்பதால் பி.இ. முடித்தவர் நேராக நுழைய முடியாது. வழி 2 வழியாகத்தான் வர வேண்டும்.

கல்வெட்டுதான் குறி என்றால் நான்கில் இதுவே நெருக்கமானது. தமிழி (தமிழ்ப் பிராமி), வட்டெழுத்து, கிரந்தம் என எழுத்துகளை வரிசையாகக் கற்பதும், மைப்படி எடுக்கக் கை பழகுவதும் இப்படிப்பட்ட இடத்தில்தான் நடக்கும். மைப்படி கேட்பதற்கு எளிது. கல்லைத் தண்ணீர் விட்டு மென்மையான பிரஷ்ஷால் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, பிரஷ்ஷால் அடித்து அடித்துத் தாளை வெட்டுப் பள்ளத்துக்குள் இறக்கி, ஈரம் பாதி காய்ந்ததும் மை ஒற்ற வேண்டும். மேடு கறுக்கும், எழுத்து வெள்ளையாக நிற்கும். தண்ணீர் அதிகமானால் தாள் கிழியும், மை ஊறிக் கல்லில் கறையாகும். குறைந்தால் தாள் உப்பி நிற்கும், காற்றடித்ததும் கையோடு வந்துவிடும். மை கெட்டியாக இருந்தால் பள்ளத்துக்குள் இறங்கி எழுத்தையே மூடிவிடும். சரியான ஈரம் எது என்று எழுதிக் காட்ட முடியாது. பத்துத் தாள் கிழித்தவருக்குத்தான் விரல் நுனியில் தெரியும்.

கவனிக்க வேண்டியது: பட்டயம் பணி உத்தரவாதம் அல்ல. துறைப் பணியிடங்கள் தேர்வாணையம் வழியாக, எப்போதாவது, கொஞ்சமாக வருகின்றன. சேரும் முன் கடைசியாக வந்த அறிவிக்கையை எடுத்து வயது வரம்புப் பகுதியை முதலில் படியுங்கள். கிரேட்டர் நொய்டாவில் இந்தியத் தொல்லியல் துறை நடத்தும் இரண்டாண்டுப் பட்டயத்தை யாராவது சொன்னால், அதன் வயது வரம்பு இருபதுகளில் இருப்பவர்களுக்கானது. நடுவயதில் துறை மாறுகிறவர்கள் அதை மறந்துவிடலாம்.

## ஒரே பார்வையில்

| | வார இறுதி | தொலைநிலை எம்.ஏ. | நேரடி எம்.ஏ., முனைவர் | அரசுப் பட்டயம் |
|---|---|---|---|---|
| வருமானம் நிற்கும் காலம் | இல்லை | இல்லை | 5 முதல் 8 வருடம் (உதவித்தொகை கிடைத்தால் 2) | 2 வருடம் (சிறு உதவித்தொகை உண்டு) |
| திறக்கும் வாசல் | கட்டுரை, உரை, நூல் | நெட், பட்டயம், பகுதிநேர ஆய்வு | பல்கலைக்கழகம், அகழாய்வு | தொல்லியல் துறை, திட்டப் பணிகள் |
| கல்லருகே நேரம் | நீங்கள் ஒதுக்கும் அளவு | குறையும் | நடுத்தரம். குழியில்தான் அதிகம் | மிக அதிகம் |
| பிழை சொல்ல ஆள் | தேடிப் பிடிக்க வேண்டும் | இல்லை | உண்டு | உண்டு |
| மறைந்த செலவு | தெரியாமல் வளரும் தவறுகள் | ஞாயிற்றுக்கிழமைகள் | போன சம்பளம், வயது | சென்னைக் குடித்தனம் |

## ராஜினாமாக் கடிதத்துக்கு முன்

பணிக்கொடைக்குப் பொதுவாக ஐந்து வருடத் தொடர் பணி தேவை. நான்கரை வருடத்தில் இருப்பவர் ஜூன் மாத வகுப்புக்காக அவசரப்பட்டு எழுதிக் கொடுத்தால், அந்தத் தொகையை அப்படியே விட்டுவிட்டு வர வேண்டியதுதான். தனி மருத்துவக் காப்பீட்டை வேலையில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் அப்போதே ஓடத் தொடங்கும். கல்விக் கடன் எடுத்தால் வட்டிக்கு மட்டும் வரிச் சலுகை உண்டு, அதுவும் பழைய வரிமுறையில் இருப்பவருக்கே.

மத்திய அரசுப் பணியில் ஐந்து வருடம் முடித்தவர்கள் ராஜினாமாவுக்கு முன் படிப்பு விடுப்பைக் கேட்டுப் பாருங்கள். மொத்தப் பணிக்காலத்தில் 24 மாதம்வரை விதியில் இடமிருக்கிறது. படிப்பு உங்கள் பணியோடு தொடர்புள்ளது என்று காட்ட வேண்டும். அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம், நூலகம் போன்ற இடங்களில் இருப்பவர்களுக்கு இது எளிது. வருமான வரித் துறையில் இருப்பவர் கொஞ்சம் கற்பனை வளத்தோடு விண்ணப்பம் எழுத வேண்டியிருக்கும்.

ஓய்வு பெற்றவர்கள், விருப்ப ஓய்வு வாங்கிவிட்டவர்கள் கதை வேறு. ஓய்வூதியம் வருகிறது, நெட்டும் பணியும் வேண்டாம். இவர்கள் வழி 1இல் தொடங்கி, தனக்கு எட்டிய தூரத்தில் ஒரே வட்டத்தை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள கோயில்களை ஒன்று விடாமல் பார்த்து, ஆண்டறிக்கையில் பதிவான கல்வெட்டுகளில் இன்று எவை இருக்கின்றன, திருப்பணியில் எவை கல்லோடு போய்விட்டன, எவற்றில் மணல்வீச்சு (சுத்தம் செய்ய மணலை வேகமாக அடிப்பது) பட்டிருக்கிறது என்று பட்டியல் போடலாம். சம்பளத்துக்கு இருப்பவர்களுக்கு இதற்கு நேரம் கிடைப்பதில்லை. ஒரு வட்டத்துக்கு மூன்று வருடம் பிடிக்கும். மார்கழி முதல் பங்குனி வரை களம், மழைக்காலத்தில் வீட்டில் உட்கார்ந்து பாடத்தை ஒப்பிடும் வேலை.